நமக்கென ஒரு விமர்சகர் வேண்டுமா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது பழமொழி. பெற்ற தாய்க்கு அந்த எண்ணம் இருத்தல் வேண்டும். இல்லாவிடிற் குஞ்சு பிழைப்பது அரிது. ஆயினும், ஊர்க் காக்கைகள் யாவும் ஓரிடத்திற் கூடி, எங்கள் கூடுகளிலுள்ள குஞ்சுகள் அனைத்தும் பொன் குஞ்சுகளே என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டால், அவற்றுள்ளே குயிற் குஞ்சு எது என்பதைப் பின்னர் யார் கண்டு சொல்வது?

ஈழத்துத் தமிழ் எழுத்துலகத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நமக்கு இந்தப் பழமொழி நினைவுக்கு வருகின்றது. நம்முடையது சிறிய உலகம். எழுதுவோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிவர். ஒருவர் மற்றவருக்கு ஆசிரியராகவோ மாணாக்கராகவோ மைத்துனராகவோ சம்பந்தியாகவோ இருப்பர். இத்தகைய உலகத்திலே குறைநிறைகளை எடுத்துக் கூறும் விமர்சகர் ஒருவர் வேண்டுமா? வேண்டுமெனில், அவர் நம்மிடையே வாழ்பவராக இருத்தல் வேண்டுமா, அன்றி வெளியிலிருந்து வருவோரின் தீர்ப்பே போதுமா?

குடும்பத்தவரும் மாணவரும் படிக்கும் இப்பக்கத்திலே இவ்வினாவை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. விமர்சகர் இல்லாமையால் வரும் நட்டம் எழுத்தாளரை மட்டும் சார்வதன்று. வீட்டுச் செலவிலே மிச்சம் பிடித்து நூல் வாங்குவோரையும், அந்நூலைப் படித்து வளரும் பிள்ளைகளையும் அது சார்ந்தது.

மணவீட்டு வழக்கம்

நம் நாட்டில் நூல் வெளியீட்டு விழா நடைபெறும் முறையை யாவரும் அறிவர். மங்கள விளக்கேற்றுவர், தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவர். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஊரின் வர்த்தகப் பிரமுகர் ஒருவர் முதற்பிரதியைப் பெறுவார். பின்னர்ப் பலர் வரிசையாக வந்து கடித உறையைக் கொடுத்துச் சிறப்புப் பிரதி பெறுவர். அதற்குப் பிறகு நயப்புரை அல்லது ஆய்வுரை. ஈற்றில் ஆசிரியரின் ஏற்புரை.

இதனை நாம் இகழ்ந்து கூறவில்லை. நமது எழுத்தாளர் பலர் தம் கைப்பணத்தைச் செலவிட்டே நூலை அச்சிடுகின்றனர். சில நூறு பிரதிகளை அச்சகத்திலிருந்து எடுத்து வருவதற்குச் சம்பளத்தில் முற்பணம் பெறுவோரும் நகையை அடகு வைப்போரும் உளர். அச்சுக் கூலியின் ஒரு பகுதியை அந்தக் கடித உறைகளே மீட்டுத் தருகின்றன. ஆகவே வெளியீட்டு விழா மணவீட்டை ஒத்தது. அங்கே சென்று மணமகளின் மூக்கு சற்றே வளைந்திருக்கின்றது என்பவன் உண்மை பேசுபவனாயினும் பண்பறியாதவனே ஆவான்.

ஆனால் மணவீட்டுப் பந்தல் மறுநாள் பிரிக்கப்பட்டுவிடும். வாழ்க்கை அதன் பின்னரே தொடங்கும். நூலின் வாழ்க்கையோ நம்மிடத்தில் பந்தலோடு முடிந்துவிடுகின்றது. விழாவில் வாசித்த ஆய்வுரையே அடுத்த கிழமை பத்திரிகையில் மதிப்புரையாக வருகின்றது. அதே வாக்கியங்கள் அடுத்த நூலின் அட்டையிலே புகழுரையாக ஏறுகின்றன. இடையில் எவரேனும் அந்நூலை ஆறுதலாகப் படித்து, இது நன்று, இது நன்றன்று என்று சொன்னாரா என்று தேடினால் ஒருவரையும் காணோம்.

ஓர் இளம் ஆசிரியையின் கேள்வி

சில காலத்துக்கு முன் நம் அயலிலுள்ள இளம் ஆசிரியை ஒருவர் தமது முதற் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். சனசமூக நிலைய மண்டபத்திலே விழா நடந்தது. எழுவர் பேசினர்; எழுவரும் புகழ்ந்தனர். ஒரு மாதம் கழித்து ஒருநாள் மாலை அவர் நம் வீட்டுக்கு வந்தார். கையிலே அந்த நூல் இருந்தது.

"ஐயா, எல்லாரும் நல்லாயிருக்கு எண்டு சொன்னவை. ஆனால் ஒருத்தரும் வாசிச்ச மாதிரித் தெரியேல்லை. நீங்களெண்டாலும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

அந்தச் சொற்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன. புகழ்ச்சியினால் ஒருவர் தனிமைப்பட்டு நிற்பதை அன்றுதான் நாம் நேரிற் கண்டோம். எழுதியவருக்கு வேண்டியது மாலையன்று. தம் எழுத்தின்மேல் இன்னொருவரின் கண் ஊன்றி நின்றது என்னும் அறிகுறியே.

நாம் இரண்டு மாலைப் பொழுதுகள் அந்நூலோடு இருந்தோம். பதினொரு கதைகளில் மூன்று மெய்யாகவே நல்லவை. ஏனையவற்றுள் ஒன்று மட்டக்களப்பிலே நிகழ்வது. அங்கே ஒரு தாய் தன் மகனை "மோனே" என்று அழைக்கின்றாள். யாழ்ப்பாணத்துத் தாய் "மோனே" என்பாள்; மட்டக்களப்புத் தாயோ "மனே" என்பாள். இன்னொரு கதையில், குடாநாட்டு வயலொன்றிலே ஆடி மாதத்தில் நெற்கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கின்றது. இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் கிளிநொச்சி வயலானால் அதனைச் சிறுபோகம் என்று கொள்ளலாம். மாரி மழையை மட்டும் நம்பியிருக்கும் குடாநாட்டு வயலிலே ஆடியிற் கதிர் ஏது? இவற்றையும், பெரும்பாலான கதைகளின் கடைசிப் பந்தி வாசகருக்குப் புத்தி சொல்வதாக அமைந்து கதையைக் கெடுக்கின்றது என்பதையும் அவரிடம் கூறினோம்.

அவர் முகம் வாடிற்று. மூன்று கிழமை நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான்காம் கிழமை, அந்த மட்டக்களப்புக் கதையைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். தாயின் பேச்சு மாறியிருந்தது. பேச்சு மாறியதனால் அத்தாயே மாறியிருந்தாள். கடைசிப் பந்தி நீங்கியிருந்தது. எழுவர் கூறிய புகழுரையினால் விளையாத பயன், மூன்று கிழமை மனத்தாங்கலினால் விளைந்தது.

பழைய வழக்கம் எது?

குறை கூறுதல் மேனாட்டிலிருந்து வந்த பழக்கம், தமிழருக்கு அது பொருந்தாது என்று சிலர் கூறுவர். நம் முன்னோர் செய்ததைச் சற்றே நோக்குவோம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையிலே, அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்து அரங்கேற்றப்பட்டது என அதன் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. அரங்கேற்றம் என்பது வெறும் விழாவன்று. வினாக்களுக்கு விடை கூறி நிற்க வேண்டிய இடம் அது. தொல்காப்பியமும், பின்னர் வந்த நன்னூலும் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று எண்ணிக் கூறின. கூறியது கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் என்பவற்றை மாணவர் இன்றும் பரீட்சைக்காக மனனம் செய்கின்றனர். மனனம் செய்த பட்டியலை நேற்று வெளிவந்த நூலொன்றின்மீது வைத்துப் பார்க்கும் துணிவுதான் நம்மிடம் குறைந்துவிட்டது.

பெரியாரைத் துணைக்கொள்ளுதலைப் பற்றிக் கூறுமிடத்து, இடித்துரைப்பவரைத் துணையாகக் கொண்டவரைக் கெடுக்க வல்லார் எவருமில்லை என்னும் கருத்தை வள்ளுவர் வைத்தார். அது அரசனுக்குக் கூறியது; எழுத்தாளனுக்கும் பொருந்தும்.

வெளியார் தீர்ப்புப் போதாதா?

தமிழ் ஒன்றே, தமிழகத்தில் விமர்சகர் பலர் உளர், அவர்கள் கூறுவதைக் கேட்டு நடந்தால் என்ன என்று வினவுவோரும் உண்டு. அவர்கள் கூறுவதைக் கேட்டல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அவர்களால் இயலாத காரியம் ஒன்று உண்டு.

தோட்டம் என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலே தோட்டம் என்றால் செம்மண் நிலத்திலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கை பண்ணும் சிறு துண்டு நிலம். மலையகத்திலே தோட்டம் என்றால் தேயிலை மலை, லயம், கொழுந்துக் கூடை, காலைப் பெரட்டு, கங்காணி, துரை என ஓர் உலகமே எழும். முதலாவதிலே தன் நிலத்தில் உழைப்பவரின் பெருமை இருக்கின்றது. இரண்டாவதிலே தலைமுறை தலைமுறையாகத் தமக்கென ஒரு துண்டு நிலமின்றி உழைத்தோரின் துயரம் இருக்கின்றது. முஸ்லிம் இல்லத்துக் கதையிலே உம்மாவும் வாப்பாவும் ராத்தாவும் பேசும் தமிழ் இன்னொன்று. சென்னையிலிருந்து படிப்பவர் இவை யாவற்றையும் மண்வாசனை என்று ஒரே சொல்லாற் பாராட்டி அப்பாற் செல்வார். அவர்மீது குற்றமில்லை. அந்த மண்ணிலே நடந்தவருக்கே, ஒரு வாசனை மெய்யானதா, கடையில் வாங்கித் தெளித்ததா என்பது தெரியும்.

வெளியார் தொகுக்கும் வரலாற்றிலே நம் நூல்கள் விடுபட்டுப் போவதும் உண்டு. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரமே தமிழின் முதல் நாவல் என்று பள்ளிக்கூடத்திலே கற்றோம். அதற்கு ஆறாண்டுகளின் பின், 1885இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை அசன்பேயின் சரித்திரத்தை எழுதி இலங்கையிலும் தமிழ் நாவலுக்குக் கால்கோள் செய்தார் என்பதை நம்மவர் தேடி எடுத்துக் கூறியபின்னரே பலரும் அறிந்தனர். 1964இல் கனக செந்திநாதன் 'ஈழத்து இலக்கிய வளர்ச்சி'யையும், 1967இல் சில்லையூர் செல்வராசன் 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி'யையும் எழுதாதிருந்தால், எத்தனை பெயர்கள் மறைந்து போயிருக்கும்! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எத்தனையோ நூல்கள் சாம்பராயின. நூல் அழிந்த இடத்தும், அதனைப் படித்த ஒருவர் எழுதி வைத்த குறிப்பு நிற்குமாயின், அந்நூல் முழுவதும் மறைந்ததாகாது.

விமர்சகர் காத்து நின்ற காலம்

விமர்சகர் என்றால் அடிப்பவர் என்று பலர் நினைக்கின்றனர். காப்பவரும் அவரே என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், கதைகளிலே பேச்சுத் தமிழ் வரலாமா என்பது பற்றிப் பெரும் வாதம் நடந்தது. அதனை இழிசனர் வழக்கு என்று மரபு வழி நின்றோர் சிலர் கண்டித்தனர். அந்நாளிலே பேராசிரியர் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் புதிய எழுத்தாளரின் பக்கம் நின்று வாதாடினர். எழுதத் தொடங்கிய உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரும் பலமாயிற்று. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்த காலத்தில் ஈழத்து எழுத்தாளருக்கு அப்பத்திரிகையிலே இடம் பெருகியது. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகையும், 1975இல் வெளிவரத் தொடங்கிய அலையும் பின்னர் வாதப் பிரதிவாதங்களுக்குக் களம் அமைத்தன. கே. எஸ். சிவகுமாரன் தமிழிலும் ஆங்கிலத்திலும் நெடுங்காலம் ஈழத்து நூல்களை அறிமுகஞ் செய்தார். ஏ. ஜே. கனகரத்தினா தம் கட்டுரை நூலுக்கு 'மத்து' என்று பெயரிட்டார். தயிரைக் கடைவது தயிர்மேற் கொண்ட பகையினால் அன்று. வெண்ணெயின்மேற் கொண்ட விருப்பினாலேயே.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்த விமர்சகர்கள், தம் கொள்கைக்கு இயைந்த எழுத்தை உயர்த்தி ஏனையவற்றைத் தாழ்த்தினர் என்ற குறை எழுந்தது. எஸ். பொன்னுத்துரை பிரிந்து சென்று நற்போக்கு எனத் தனி வழி வகுத்தார். மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யிலே, 1956 முதல் 1963 வரையுள்ள காலத்தை எடுத்துக்கொண்டு அக்காலத்து மதிப்பீடுகளையே மறுபரிசீலனை செய்தார். விமர்சகர்களுக்கும் விமர்சகர் தேவைப்பட்டனர்.

ஒருவரா, பலரா?

இதிலிருந்து நாம் கற்பது யாது? விமர்சகர் ஒருவரே எனில், அவர் விரைவில் மணியகாரராகிவிடுவார். அவர் வாசற்படியிலே எழுத்தாளர் வரிசையாக நிற்பர். அவர் முகங்கோணாமல் எழுதுவதே இலக்கியம் என்றாகும். ஆகவே நமக்கென ஒரு விமர்சகர் வேண்டுமா என்னும் வினாவுக்கு நம் விடை, ஒருவர் போதாது என்பதே. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் மன்னாரிலும் கொழும்பிலும், அந்தந்த மண்ணின் பேச்சையும் தொழிலையும் அறிந்த சிலரேனும் வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர் திருத்துவார். 1983இன் பின் புலம்பெயர்ந்து பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோரின் எழுத்துக்கு, அவ்வாழ்க்கையை அறிந்த விமர்சகர் அங்கேயே தோன்றுதல் வேண்டும்.

இளஞ்செடிக்கு நீரூற்ற வேண்டுமேயன்றிக் கத்தரிக்கோல் எதற்கு என்பாரும் உளர். தோட்டக்காரரைக் கேட்டுப் பாருங்கள். புகையிலைக் கன்றுக்கு நீரும் இறைப்பார்; உரிய நாளிலே நுனியும் முறிப்பார்; பக்கத்தே கெட்டு வெடிக்கும்போது அதையும் கிள்ளுவார். அவ்வாறு செய்யாவிடில் இலை தடித்து விளையாது. எந்நாளிற் கிள்ளுவது என்பதை அறிவதற்கு அவர் நாள்தோறும் தோட்டத்துக்கு வருபவராய் இருத்தல் வேண்டும். உள்ளூர் விமர்சகரின் தேவை இங்கேதான் விளங்குகின்றது. தூரத்திலிருப்பவர் முற்றிய இலையைப் பார்த்து விலை கூறலாம். வளரும் நாளிலே உடனிருப்பவரே செய்கைக்கு உதவுவார்.

உறவு முறியுமே என்ற அச்சம் நியாயமானது. சிறிய ஊரிலே இன்று குறை கூறியவரை நாளைக் கோயில் வீதியிலே சந்தித்தாக வேண்டும். அதற்கு ஒழுங்குகள் சில உண்டு. நூலை முழுவதும் படித்த பின்னரே பேசுதல் வேண்டும். ஆளை விட்டு எழுத்தைப் பேசுதல் வேண்டும். குறையென்று சொல்வதைப் பக்கம் காட்டிச் சொல்லுதல் வேண்டும். நிறை எது என்பதையும் அவ்வாறே இடங்காட்டிச் சொல்லுதல் வேண்டும். காரணமற்ற புகழும் காரணமற்ற வசையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. தமக்கு நெருங்கிய உறவினரின் நூலாயின், அதனை வெளிப்படையாகக் கூறிவிட்டு எழுதுதல், அல்லது வேறொருவரிடம் கையளித்தல் நேர்மையாகும்.

வீட்டிலிருந்து தொடங்குவோம்

இத்தகைய விமர்சகர் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. கருத்தோடு படிக்கும் வாசகர் கூட்டத்திலிருந்தே அவர் எழுகின்றார். ஆகையால் நாம் செய்யக்கூடியவை சில உள.

பத்திரிகை ஆசிரியர்கள், விழாவில் வாசித்த உரையை மதிப்புரையாக ஏற்பதை விடுத்து, விழாவுக்குச் செல்லாத ஒருவரிடம் நூலைக் கொடுத்து எழுதுவிக்கலாம். வாசிகசாலைகளிலே வெளியீட்டு விழா நடந்து மூன்று மாதங்களின் பின், அந்நூலைப் படித்தோர் மட்டும் கூடிப் பேசும் ஒரு மாலை நேரத்தை ஒழுங்கு செய்யலாம். அதற்கு மாலையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம், தேநீர் போதும். ஆசிரியர்கள் மாணவரிடம் கதைச் சுருக்கத்தைக் கேட்பதோடு நில்லாது, எந்த இடத்திலே உனக்கு நம்பிக்கை வரவில்லை என்றும் கேட்கலாம். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகத்திலே பழைய ஈழத்துச் சஞ்சிகைகள் பல கட்டணமின்றிப் படிப்பதற்குக் கிடைக்கின்றன. நம் பாட்டன்மார் எவ்வளவு சூடாகவும் எவ்வளவு படிப்போடும் வாதாடினர் என்பதை மாணவர் அங்கே நேரிற் காணலாம்.

குடும்பத்தவருக்கும் ஒரு வேண்டுகோள். சிறப்புப் பிரதியாக வாங்கி வந்த நூல் கண்ணாடி அலுமாரியிலே பிரிபடாமல் இருக்குமாயின், இந்த ஞாயிற்றுக்கிழமை அதனை எடுங்கள். ஒரு கதையையோ ஒரு கட்டுரையையோ வீட்டிலுள்ளோர் கேட்க உரத்து வாசியுங்கள். பாட்டியிடம், அந்நாளில் இப்படித்தான் பேசினார்களா என்று கேளுங்கள். பிள்ளையிடம், எவ்விடத்திலே சலிப்பு வந்தது என்று கேளுங்கள். பின்னர் எழுதியவருக்கு ஒரு கடிதம் வரையுங்கள். பிடித்தது எது, பிடியாதது எது என்று பக்க எண்ணோடு நான்கு வரி எழுதினாற் போதும். அதனைப் பெறுபவர் முதலில் முகம் வாடக்கூடும். ஆயினும் தம் நூலை ஒருவர் முழுவதும் படித்தார் என்னும் செய்தியை நம் எழுத்தாளருள் பலர் இன்றுவரை பெற்றதில்லை.